ஒரு சொட்டுக்குப் பதினெட்டாயிரம்

டெலிபோன்காரம்மாவுக்குச் சொட்டு டாக்டர் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கடன் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடனும் இல்லை. வாயால் வந்த கடன். “இனிமே இந்த வண்டிக்குக் கீழ ஒரு சொட்டு விழுந்தா, வாங்கின காசு முழுசையும் திருப்பிக் கொடுத்துடுறேன்” என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். பதினாறாம் நாள் சொட்டு விழுந்தது.

ஆள் யாரென்று சொல்லாமல் மேலே போனால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். பதினோரு வயதில் லாரி ஷெட்டில் சக்கரம் கழுவினார். இருபத்தாறு வயதில் சொந்த ஷெட் போட்டார். கிளட்ச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறுகிற பழைய கார்களின் கியர்பாக்ஸைத் தொட அந்த ஊரில் வேறு எவனுக்கும் தைரியம் கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினோடு நின்றுகொண்டு, “அது அவரோட சமாச்சாரம்” என்று இவர் ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள்.

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு கியர்பாக்ஸை எடைக்கு வாங்கி வந்தார். மனைவி அப்போதுதான் வாங்கியிருந்த படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, ஒவ்வொரு சாமானாகக் கழற்றி வரிசை வைத்தார். நானூற்றுச் சொச்சம் சாமான்கள். திரும்பப் பூட்டினார்; மூன்று மிச்சம். மறுபடி கழற்றினார். இப்படியே நாலு மாதம். ஐந்தாம் மாதம் ஒரு சாமானும் மிச்சமில்லை, விரிப்பும் மிச்சமில்லை. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்தைத் தாண்டிவிட்டுப் படத்தை மட்டும் படித்தார். படித்தவர்கள் படத்தைத் தாண்டிவிட்டு எழுத்தை மட்டும் படிக்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்கு வண்டி புரிபடுவதில்லை என்பது அவர் கட்சி. நாற்பத்தொரு வருடத்தில் முந்நூறு கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியிருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் வண்டியிடம் சொல்வார்.

‘சொட்டு டாக்டர்’ என்பது எதிர்வரிசை டயர் கடைக்காரர்கள் வைத்த பேர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் அவருக்குப் பிடித்துப் போயிற்று. எண்ணெய் ஒழுகும் வண்டி வந்தால் முதலில் தரையில் கிடக்கும் சொட்டை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்ப்பார். சிவப்பாக, வழவழவென்று இருந்தால் கியர்பாக்ஸ். கறுப்பாக இருந்தால் எஞ்சின். சிவப்பில் கருகல் வாசனை அடித்தால் உள்ளே ஏதோ தீய்ந்துகொண்டிருக்கிறது, செலவு இழுக்கும். அதற்குப் பிறகுதான் நிஜமான வைத்தியம். எண்ணெய் ஒரு திருட்டுப் பயல். ஓரிடத்தில் ஒழுகி, ஓரம் ஓரமாகவே ஓடி, சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில் போய்ச் சொட்டும். ஆகையால் அவர் அடிப்பாகம் முழுவதையும் பெட்ரோல் துணியால் துடைப்பார். காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஊதி வெள்ளையடிப்பார். கீழே ஒரு அட்டையைப் போடுவார். வண்டியை ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சோடு மல்லாந்து படுத்து, பவுடரில் சிவப்புக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். துடைக்காமல், பவுடர் போடாமல், எந்த வண்டிக்கும் அவர் மருந்து சொன்னதே இல்லை.

டெலிபோன்காரம்மாவின் வண்டிக்கு மட்டும் சொன்னார்.

அந்தம்மா முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபீசில் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஒருவர் இருந்தார், கப்பலில் வேலை, வெளியூரில் ஒரு பையன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனதுதான் அந்தக் கார். பச்சை நிறம், படகு மாதிரி நீளம். அடுக்குமாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில், எழுதி ஒதுக்கிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சாயங்காலம் கீழே வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பின் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மேலே போய்விடுவார். முன் சீட்டு அண்ணனுடையது.

காருக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. கட்டிடத்தின் செயலாளர் அதைப் போட்டோ எடுத்து, யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மூன்று மாதத்தில் ஒழுகல் நிற்க வேண்டும், இல்லையென்றால் வண்டி வெளியே போக வேண்டும்.

சொட்டு டாக்டர் வந்து குனிந்தபோது செயலாளர் பின்னாலேயே நின்றார். கையில் டார்ச், காதில் பேனா.

“பெரியவரே, இது ஆட்டோமேட்டிக் வண்டி. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“இல்ல, இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கணும்னு என் மச்சான் சொன்னான்.”

“உங்க மச்சான் எந்த ஷெட்டு?”

“அவன் இன்சூரன்ஸ்ல இருக்கான்.”

சொட்டு டாக்டருக்குச் சுருக்கென்றது. அறுபத்தேழு வயதில், இன்சூரன்ஸ் மச்சானோடு தன்னைத் தராசில் வைக்கிறானே! துடைக்கவில்லை, பவுடர் போடவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்கிற மூட்டிலிருந்து சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார், எழுந்தார், கையைத் தட்டினார். அந்த மூட்டுக்குள்ளே பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை உண்டு, வயிறு நிறைய எண்ணெயோடு. கன்வெர்ட்டர் என்பார்கள். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் சீல். பத்துக்கு எட்டு வண்டியில் அங்கேதான் கோளாறு.

“முன் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். பதினெட்டாயிரம்.”

“ஒரே பார்வையிலயா?” என்றார் செயலாளர்.

“உங்களுக்கு ஒரே பார்வை. எனக்கு நாப்பத்தொரு வருஷப் பார்வை.”

அந்தம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்த்த ஜோரில்தான் ஒரு சொட்டு விழுந்தால் முழுப் பணமும் வாபஸ் என்கிற வார்த்தையும் வாயிலிருந்து வந்தது.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய், தனியாளாக ஜாக்கி வைத்துக் கியர்பாக்ஸை இறக்கினார். புது சீல் அடித்து ஏற்றினார். நாலு நாள் தினமும் ஓட்டிப் பார்த்தார். அட்டை அப்பழுக்கில்லாமல் இருந்தது. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினார், பணம் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பணத்துக்கு அவர் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரே அறை. கட்டில், ஒரு அடுப்பு, தகரப் பெட்டி. ஏழு வருடத்துக்கு முன்னால் மகளுக்குப் பிரசவம் பார்க்க ரயிலேறிப் போன மனைவி திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. “அந்த எண்ணெய் வாசனைக்குள்ள இனிமே என்னால படுக்க முடியாதுங்க” என்றார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, இல்ல. பிறகு பேத்தியிடம் போன் போகும். பேத்தி “தாத்தா, சைக்கிள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிடுவாள். அவளை அவர் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை சைக்கிள் வாங்கிக்கொண்டு நேரில் வருவதாகச் சொல்லி, டிக்கெட்டும் போட்டுவிட்டார். பதினெட்டாயிரத்தையும் ஒரு உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தார். சைக்கிளுக்கும் வழிச் செலவுக்கும் அதுதான். வேறு காசு இல்லை.

பதினாறாம் நாள் அந்தம்மா போன் செய்தார்.

“அண்ணே, சின்னதா ஒரு பொட்டு மாதிரி தெரியுது.”

“பொட்டுத்தானே? பழைய எண்ணெய் உள்ள ஒட்டியிருக்கும்மா. அது வடியுது. நான் வந்து பாத்துக்கிறேன்.”

உள்ளே ஒட்டியிருந்த பழசு வடிவது உண்டு. நடக்காத விஷயத்தை அவர் சொல்லவில்லை. ஆனால் பதினாறு நாள் கழித்து வடியாது. அது அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் போனார். புது அட்டை போடுவார், வண்டியைக் கிளப்பித் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டுவார், கொண்டுவந்து நிறுத்துவார். முதல் நாள் அந்தம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். மூன்றாம் முறை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவார்கள்.

“உங்க அண்ணன் நல்லா ஓட்டுவாரா?”

“எங்கண்ணனா? பிரேக்கு மேலயே காலை வெச்சிருப்பார். பாலம் வர்றதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடும்.”

“நான் ஓட்டுறது?”

“கப்பல்ல போற மாதிரி இருக்கு.”

“அது நான் ஓட்டுறதுனால இல்லம்மா. நான் பூட்டின கியர்பாக்ஸ். மாறுறது தெரியுதா பாருங்க? தெரியாது. முந்நூறு பூட்டியிருக்கேன். ஒண்ணுகூட…”

“திரும்பி வந்ததில்ல.”

“சொல்லியிருக்கேனா?”

“நேத்து இல்ல, முந்தாநாள் சொன்னீங்க. அதுக்கு முந்தியும்.”

திரும்பி வந்ததும் அந்தம்மா வாசல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து தருவார். வேலைக்கு வந்த இடத்தில் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்ன வீடு அது ஒன்றுதான். ஷெட்டில் அவர் குடிப்பதும் டீதான், ஆனால் அது நின்றுகொண்டே குடிக்கிற டீ. பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். திருகாத போல்ட்டை எல்லாம் திருகினார்.

மூன்று வாரம் அட்டை சுத்தமாகவே இருந்தது. அந்தம்மா மாடி ஏறி இறங்குகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்: “பழசு வடியும்னார், வடிஞ்சுது. நிக்கும்னார், நின்னுடுச்சு.” சொட்டு டாக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே பழைய எண்ணெய்தானோ என்று. தன் பொய்யைத் தானே நம்புவதைப் போலச் சுகம் வேறில்லை.

அப்புறம் காய்ச்சல் வந்தது.

எட்டு நாள் படுக்கையில் கிடந்தார். அறையின் ஒரே ஜன்னல் ஷெட்டுக்குள் திறக்கும். அதன் வழியாக ஸ்பேனர்கள் தொங்குகிற பலகைதான் தெரியும். எண் பன்னிரண்டு ஸ்பேனர் கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. அதை நேராக்க வேண்டும் என்று எட்டு நாளும் நினைத்தார். டயர் கடையிலிருந்து முதல் நாள் ஒருத்தன் எட்டிப் பார்த்து, “என்ன டாக்டரே, டாக்டருக்கே காய்ச்சலா?” என்று சிரித்துவிட்டு, ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனான். அதோடு சரி. ஞாயிறு போன் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனைவி ‘வரட்டுமா’ என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். அதனால்தான் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. டெலிபோன்காரம்மா. எட்டு நாளாக ஆளைக் காணோமே என்று விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“அண்ணே, சொட்டுது. நெறையவே சொட்டுது. அட்டை பூரா ஊறிடுச்சு.”

“சரிம்மா.”

“உடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்கு வரேன்.”

போனை வைத்த பிறகு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டு நாள் நான் போகவில்லை. எட்டு நாள் வண்டி நகரவில்லை. நான் போய் ஓட்டினபோதெல்லாம் சொட்டவில்லை. ஷெட்டில் நாலு நாள் ஓட்டினேன், சொட்டவில்லை. பதினாறு நாள் சும்மா நின்றது, சொட்டியது. ஓடுகிற வண்டி ஒழுகுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நிற்கிற வண்டி ஏன் ஒழுகுகிறது?

மறுநாள் போனதும் காரின் அடியில் படுக்கவில்லை. மூடியைத் திறந்து, கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். அந்தக் குச்சியை எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நாற்பத்தொரு வருடமும் அப்படித்தான் பார்த்தார். அன்றைக்கு நிற்கிற வண்டியில், குளிர்ந்தபடியே பார்த்தார். கோட்டுக்கு மேல் மூன்று விரல் எண்ணெய். பிறகு கிளப்பி, சூடாகவிட்டு, ஓடும்போதே பார்த்தார். சரியாகக் கோட்டில் நின்றது.

அவருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

விஷயம் இதுதான். வண்டி நிற்க நிற்க, அந்தப் பூசணிக்காய் வயிற்றில் இருக்கிற எண்ணெய் மெதுவாகக் கசிந்து கியர்பாக்ஸின் அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டுக்கு இறங்கிவிடுகிறது. தட்டில் மட்டம் ஏறுகிறது. ஒரு வாரம் நின்றால், எப்போதும் எண்ணெய் தொடாத உயரம் வரைக்கும் ஏறிவிடுகிறது. அந்த உயரத்தில் எங்கோ ஒரு ஓட்டை. வண்டியைக் கிளப்பினால் பம்ப் எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும், மட்டம் இறங்கிவிடும், ஒழுகலும் நின்றுவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டி ஓட்டி, நோயைத் தானே ஒளித்து வைத்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் முதல் நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தார். துடைத்தார். பவுடர் ஊதினார். அட்டை போட்டார்.

“ஏழு நாள் யாரும் தொட வேணாம்மா. கதவைக்கூடத் திறக்காதீங்க.”

“பின் சீட்டுலகூட உக்காரக் கூடாதா?”

“கூடாது.”

“நீங்களும் வரமாட்டீங்களா?”

“வந்தா ஓட்டணும்னு கை பரபரக்கும்.”

ஏழாம் நாள் டார்ச்சோடு அடியில் நுழைந்தார். வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு, குழந்தை பென்சிலால் கிழித்த மாதிரி சுத்தமாக இருந்தது. கோட்டின் தலையைத் தேடிப் போனார். முன் மூட்டில் இல்லை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கியர் மாற்றுகிற கம்பி உள்ளே நுழைகிற துவாரத்தில் ஆரம்பித்தது. அங்கே சுண்டுவிரல் மோதிரம் அளவில் ஒரு ரப்பர் வளையம், காய்ந்து கல்லாகியிருந்தது. அங்கிருந்து எண்ணெய் தட்டின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக ஓடி, மூட்டில் வந்து சொட்டியது. ஏன் முன்பக்கமாக? தரைத்தளம் தண்ணீர் வடிவதற்காக அந்தப் பக்கம் சரிவாக இருந்தது. ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

வளையத்தின் விலை நாற்பது. கியர்பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டி மட்டத்தை இறக்கிவிட்டு, மல்லாந்தபடியே பழசைக் கொக்கியால் நோண்டி எடுத்து, புதுசை ஒரு குழாயை வைத்துத் தட்டி உட்கார வைத்தார். அரை மணி நேரம். அந்தம்மா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். பழைய வளையம் அவர் சட்டைப் பையில் போனது. யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் நிற்க விட்டார். அந்தப் பத்து நாளும் அவர் தனக்குள் பேசிய பேச்சை வரிசையாக எழுதினால் தாள் போதாது. முன் சீலும் பழசுதான், மாற்றினதில் தப்பென்ன? மாற்றினது வேலை இல்லையா? முதுகு ஒடிந்தது யாருக்கு? இனிமேல் ஒரு சொட்டு விழாது, அந்தம்மாவுக்கு வேண்டியது அதுதானே? வெள்ளிக்கிழமை ரயில். சைக்கிள் கடைக்காரன் சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான். உறை பெட்டியில் இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, அது வேறு விஷயம்.

புதன்கிழமை காலை போனார். அட்டையை இழுத்தார். கடையிலிருந்து வாங்கி வந்ததைப் போல இருந்தது.

செயலாளர் டார்ச் அடித்து, முட்டி போட்டு, விரலால் தடவியே பார்த்தார். அந்தம்மா பக்கத்தில் கைகட்டி நின்றார்.

“பாத்தீங்களா?” என்றார் அந்தம்மா. “உள்ள இருந்த பழசு மொத்தமும் வடிஞ்சாத்தான் நிக்கும்னு அன்னைக்கே சொன்னார். எத்தனை தடவை வந்து பாத்தார் தெரியுமா? ஒரு பைசா அதிகம் கேக்கல. அவர் சொன்னா சொன்னதுதான். உங்க மச்சானைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க!”

“ஒத்துக்கிறேன்” என்றார் செயலாளர். “நான்தான் தப்பா நெனச்சுட்டேன். பெரியவரே, கையைக் கொடுங்க.”

தன்னைப் பற்றித் தானே பீற்றிக்கொள்வதில் சொட்டு டாக்டருக்கு எந்நாளும் கூச்சம் இருந்ததில்லை. நாற்பத்தொரு வருடம் அதை அவர் ஒருவரேதான் செய்துவந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. இன்றைக்கு முதல் தடவையாக இன்னொரு மனுஷி அவருக்காகப் பீற்றிக்கொள்கிறார், அதுவும் நடக்காத ஒன்றுக்காக. காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருந்தது.

கையைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த வளையத்தை எடுத்துச் செயலாளரின் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன இது?”

“இதுதான் ஒழுகினது. பழசு வடியவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முன் சீல் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாக்காம சொல்லிட்டேன். கியர்பாக்ஸை இறக்கினதே தண்டம்.”

செயலாளர் வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு சின்னதா? இது என்ன விலை?”

“நாப்பது.”

“அப்ப, அந்தப் பதினெட்டாயிரம்… அன்னைக்கு ஏதோ சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

“சொன்னவன் நான். எனக்கு ஞாபகம் இல்லாம உங்களுக்கா இருக்கும்? நாளைக்குக் கொண்டாறேன்.”

அந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் காரின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், ஞாயிறு இல்லாத ஒரு நாளில், அவரே மனைவிக்குப் போன் செய்தார். எடுத்ததும் மனைவி பதறிவிட்டார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை வரல. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்.”

“ஏன்?”

“வேலை வந்துடுச்சு.”

“வேலைதான் எப்பவும் வருது. பேத்தி பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா.”

“அடுத்த மாசம் பாப்போம்.”

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“இங்க மழை.”

“இங்க இல்ல.”

அவ்வளவுதான் பேச்சு. காய்ச்சலைப் பற்றி இப்போதாவது சொல்லலாமா என்று நினைத்தார். வந்து போன காய்ச்சலைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எழுந்துபோய் எண் பன்னிரண்டு ஸ்பேனரை நேராக மாட்டினார். டிக்கெட் ரத்தில் பிடித்தம் போக வந்த காசுக்கு அரிசி வாங்கினார்.

மறுநாள் உறையை உள்பையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். வழி நெடுகப் பேச்சை ஒத்திகை பார்த்தார். அந்தம்மா நிச்சயம் வேண்டாம் என்பார். “உழைச்சிருக்கீங்கண்ணே” என்பார். நான், “சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா” என்பேன். அவர் பாதியாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பார். நான் மாட்டேன் என்பேன். இரண்டு தடவை மாட்டேன் என்பேன். மூன்றாம் தடவை சொன்னால், பெண்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று பாதியை வாங்கிக்கொள்ளலாம். பாதியில் சைக்கிள் வந்துவிடும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை ஓட்டினால்தான் ரப்பர்கள் காயாமல் இருக்கும், நான் வந்து ஓட்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

கதவு திறந்தது. வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கவில்லை.

“கொண்டாந்திருக்கேன்” என்றார்.

அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் மாதிரித் தெரியவில்லை. தப்பான லைனில் மாட்டிக்கொண்ட ஆளிடம் பேசுகிற குரல்.

“ஒரு மாசத்துக்கு மேல பழசு வடியுதுன்னு சொன்னீங்க. நான் நாலு மாடிக்கும் போய்ச் சொன்னேன்.”

“ஆமாம்மா.”

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் என்ன செஞ்சிருக்கப் போறேன்?”

தெரியாது என்கிற வார்த்தையை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்றே நினைவில்லை.

“என் அண்ணன் பையன் அடுத்த வாரம் வரான்” என்றார் அந்தம்மா. “அவனுக்கு ஓட்டத் தெரியும். வண்டியை அவன்கிட்டயே கொடுத்துடலாம்னு இருக்கேன். அவன் வீட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் பின் சீட்டு வேணுமாம்.”

“நல்லது. சூடா ஓடும்போது குச்சியைப் பாக்கச் சொல்லுங்க. நிக்கும்போது பாத்தா ஏமாத்தும்.”

“சொல்றேன்.”

உறையைப் பிரித்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், முப்பத்தாறு. அவர் ஒத்திகை பார்த்த இடம் வந்தது. ஒரு நொடி பொறுத்தார். இரண்டு நொடி பொறுத்தார். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

சொட்டு டாக்டர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். இருபதைத் தாண்டியும் நிறுத்தாமல் எண்ணினார். முப்பத்தைந்தாவது நோட்டு முப்பத்தாறாவதோடு எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்து, இரண்டையும் தனித்தனியாக வைத்தார்.